கையாலைக்கு அப்பால் கேட்ட சொல்

வைகாசிப் பாதியில் இறங்கும் இடவப்பாதி மழை அந்த வருஷம் கொஞ்சம் முந்தியே பிடித்துக்கொண்டது. திற்பரப்புக்கு மேற்கே ரப்பர்மரத் தோட்டங்களான விளைகள் உள்ள ஊர்களில், மழை என்றால் பால்வெட்டுகிறவனுக்கு அரைப்பட்டினி. பட்டை நனைந்த மரத்தில் கத்தி வைத்தால் பால் சிரட்டைக்கு வராது, மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் மழைக்கு முன்னாலேயே மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கிப் பாவாடை கட்டி, மேல்விளிம்பில் பசை தேய்த்து ஒட்டிவிடுவார்கள். பால்வெட்டுகிற ரசலையன் கட்டும் பாவாடைக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பேர். சுருக்குகள் ஒரே அகலத்தில் விழும், ஒரு சொட்டு உள்ளே இறங்காது. மற்ற விளைக்காரர்களும் அவரைத்தான் கூப்பிட்டனுப்புவார்கள்.

“அவனுக்கென்னடே, கெட்டிப் பழகின கையில்லியா” என்று ஜங்ஷன் சாயாக்கடையில் யாராவது சொல்ல, பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சொன்னவனுக்கும் ஒன்றும் தெரியாது, சிரித்தவனுக்கும் தெரியாது. ரசலையனின் நடையையும், மெலிந்த குரலையும், பேசும்போது விரல்கள் காற்றில் வளைவதையும் வைத்துச் சொல்வதுதான். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. ஒம்பது என்றார்கள், பொட்ட என்றார்கள். அன்றைக்குச் சொன்னவர்களில் சிலர் இப்போது சர்ச் சபைக் கமிட்டியில் இருக்கிறார்கள். ரசலையன் ஐம்பதைத் தாண்டியும் ஜங்ஷனைக் கடக்கும்போது மட்டும் தரையைப் பார்த்தே நடப்பார்.

அவர்கள் யாருக்கும் தெரியாத காரியம் ஒன்று உண்டு. அது அவருடைய மனைவி ராஜபாய்க்குத் தெரியும். ரசலையன் வீட்டுக்குள் சேலை உடுத்துவார்.

ராஜபாய் அண்டியாபீஸில் முந்திரி உடைக்கப் போகிறவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள், தலைவலி என்று பாதியில் திரும்பி வந்தவள், கண்ணாடிக்கு முன்னால் தன்னுடைய நீலச்சேலையில் நெட்டையாக ஒருத்தி முதுகு காட்டி நிற்பதைக் கண்டாள். யாரோ பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். முகம் திரும்பியதும் அப்படியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து ரசலையன் கைலிக்கு மாறி வந்து, தூரத்திலேயே நின்றார்.

“எனக்கு வேற பெண்ணும் இல்ல, வேற ஆணும் இல்ல. ஒன்னெத்தான் பிடிக்கும். சேலயெ உடுத்தா நெஞ்சுக்குள்ள கெடக்க எரைச்சல் நிக்கும். சின்னதுலயே அப்படித்தான். இதுக்கு ஒரு பேரு எனக்குத் தெரியல்ல” என்றார்.

அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குவதற்கு வருஷங்கள் ஆயின. வெளியே நாலு வார்த்தை பேசாத மனிதர் சேலையில் இருக்கும்போது வாய் ஓயாமல் பேசுவார். ஸ்மைலின் என்ற மகள் நர்சிங் படிக்கப் போய், பிறகு குவைத்துக்கும் போனபின், சாயங்காலங்களில் கதவைச் சாத்திவிட்டு இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து விடுவார்கள். ராஜபாய் மரச்சீனிக்கிழங்குத் தொலி உரிப்பாள். அவர் தேங்காய் திருவுவார். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் யார் எந்த நிறத்தில் வந்தார்கள், யார் வீட்டில் மீன்கறிக்குக் குடம்புளி கூடிப்போயிற்று, எல்லாம் வரும். கூடப்பிறந்த பெண் யாரும் இல்லாத ராஜபாய், ஒரு தடவை விளையாட்டாக “அக்கா, அந்த அருவாமணையெ இங்கோட்டு தள்ளு” என்றாள். அதிலிருந்து அந்த நேரத்துக்கு அதுவே பேராயிற்று. கடந்த கிறிஸ்துமஸுக்கு ஸ்மைலின் இரண்டு சேலை அனுப்பினாள். ஒன்று அம்மா ஒருநாளும் உடுத்தாத வாடாமல்லி நிறம். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மழை சற்று வெளுத்திருந்த ஒரு சனிக்கிழமை. ராஜபாய் அண்டியாபீஸ் விட்டு, சாளை மீன் வாங்கிக்கொண்டு ஏறி வரும்போது வீட்டுப் பக்கம் ஜேசிபி சத்தம் கேட்டது. விளையின் தெற்கு எல்லையில் கல்லடுக்கிக் கட்டிய கையாலை ஒரு வீட்டு நீளத்துக்கு இடிந்து கிடந்தது. கையாலையை ஒட்டி நின்ற பிலாமரம் வேரோடு சரிந்து, முற்றாத பலாச்சக்கைகள் சேற்றில் உருண்டு கிடந்தன. அவளுடைய அப்பா பங்கு வைத்துக் கொடுத்த மண் அது. பிலாக்கன்றை அவளே நட்டாள், ஸ்மைலினை வயிற்றில் சுமந்திருந்தபோது.

பக்கத்து மனைக்காரன் ரெஜின் வண்டிக்காரனுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றான். துபாயில் வேலை பார்த்துத் திரும்பி, மாடிவீடு கட்டி, இப்போது கார் வருவதற்கு வழி அகலப்படுத்துகிறான். தூரத்துச் சொந்தம்.

“இதாரு சொல்லி இடிச்சே?” என்றாள்.

“சித்தப்பாட்ட கேட்டுத்தான் சித்தி. எடுத்துக்கன்னு சொன்னாவ.”

ரசலையன் தோளில் துண்டுடன் ஒரு ரப்பர் மரத்தோடு ஒட்டி நின்றார்.

“நீங்க சொன்னியளா?”

“வண்டி போறதுக்கு வழியில்லன்னு...”

“எனக்க அப்பன் தந்த மண்ணு. எனக்க பிலாவு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

“ராஜம், உள்ள வா. வந்தா சொல்லுகேன்.”

“உள்ள வந்து என்னத்தச் சொல்லுவிய? ஆம்பிளன்னு ஒருத்தன் நிக்க எடத்துல இது நடக்குமா? இப்படி ஒரு பொட்டையெ நம்பி நான் ஆயுசு கழிச்சேனே.”

அவள் பாதி சொல்லும்போதே ஜேசிபிக்காரன் இஞ்சினை நிறுத்தியிருந்தான். கடைசி வார்த்தைகள் இடிந்த கையாலைக்கு அப்பாலும் நன்றாகக் கேட்டன. வண்டிக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். ரெஜின் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் அவன் உதடு கோணியதை அவள் பார்த்தாள்.

ரசலையன் அவள் கையிலிருந்த மீன்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அன்று சாயங்காலம் அவர் சேலை உடுத்தவில்லை. தன் இரும்புப்பெட்டியில் இருந்த சேலைகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி மடக்கி, ராஜபாயின் அலமாரியில் அவளுடைய துணிகளுக்கு அடியில் வைத்தார். ஸ்மைலின் அனுப்பியதையும் வைத்தார். வளர்த்து வைத்திருந்த சுண்டுவிரல் நகத்தை வெட்டிப் போட்டார். சட்டையும் கைலியுமாக முன்னறையில் உட்கார்ந்து செய்தி பார்த்தார்.

கோபத்தில் செய்கிறார், இரண்டு நாளில் சரியாகும் என்று ராஜபாய் நினைத்தாள். பிலாமரத்தை நினைத்தால் அவளுக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் நாட்கள் போயின. அவர் விடியலில் எழுந்து, மழை இல்லாவிட்டால் பால் வெட்டினார். மழையென்றால் கத்தி தீட்டினார். விறகு கீறினார். கூப்பிட்டால் வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அடுக்களைத் தரையில் மட்டும் உட்காரவில்லை. ராஜபாய் தனியாக மரச்சீனி உரித்தாள். சொல்வதற்கு ஏதாவது தோன்றும்; யாரிடம் சொல்ல? முன்னறையில் இருக்கும் அந்த ஆளிடம் அதைச் சொல்ல முடியாது என்று பட்டது.

ஒரு நாள் சாயாவை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“கோவத்துல வந்துட்டு. மனசுல வைக்காண்டாம்.”

“ஒண்ணும் இல்ல” என்றார். சாயாவை எடுத்து ஊதிக் குடித்தார்.

அண்டியாபீஸில் பக்கத்தில் இருந்து முந்திரி உடைக்கும் அன்னக்கிளி அவளை இடித்துச் சிரித்தாள். “நீ வேலிக்கு அந்தப்பக்கம் கேக்கும்படி குடுத்தியாமே. சாயாக்கடையில அதான் பேச்சாம். ‘நாங்க சொன்னா பொல்லாப்பு, இப்பம் கெட்டினவளே சர்ட்டிபிகேட்டு குடுத்தாச்சு’ன்னு சொல்லுகானுவளாம்.”

ராஜபாய்க்குக் கையில் இருந்த முந்திரி நசுங்கிப்போயிற்று. அவனுவ சொல்லட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. அவனுவ சொல்வது இப்போது அவளுடைய பேரில்.

இதைப் பேச அவளுக்குத் தெரிந்து ஒரே ஆள்தான் இருந்தார். களியக்காவிளையில் பழக்கடை வைத்திருக்கும் ஜான்ரோஸ். கொல்லத்துப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் ஆண்கள் பெண்வேஷம் கட்டி விளக்கெடுப்பார்கள். பல வருஷங்களுக்கு முன் ரசலையன் யாருக்கும் தெரியாமல் அங்கே போனபோது, பக்கத்தில் நின்று கண்மை எழுதிக்கொண்டிருந்த ஆளும் இவரைப் போலவே கிறிஸ்தவ வேதக்காரர், இவரைப் போலவே பஸ் ஏறி வந்தவர் என்று தெரிந்து, இரண்டுபேரும் சிரித்துச் சினேகமானார்கள். ஜான்ரோஸ் கல்யாணம் செய்யவில்லை. தங்கை வீட்டின் பின்கட்டில் இருக்கிறார். கட்டையான உருவம், நரைத்த முறுக்கு மீசை.

“மயினியா? இந்த மழையில எங்கோட்டு?” என்று, சொந்த அண்ணன் மனைவியிடம் கேட்பதுபோலக் கேட்டு, ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார். மட்டிப்பழச் சீப்பிலிருந்து இரண்டு பிய்த்து அவள் கையில் வைத்தார்.

அவள் பேச ஆரம்பிக்குமுன் சுமட்டுக்காரன் ஒருத்தன் தலையில் மூட்டையோடு நனைந்துகொண்டே கடந்துபோனான். “எடே ஒம்பது, ஏத்தன்பழம் என்ன வெல?”

“எனக்கு ஒம்பது, ஒனக்குப் பத்து” என்றார் ஜான்ரோஸ். சுமட்டுக்காரன் சிரித்துக்கொண்டே போனான். இவரும் சிரித்தார். அவன் மறைந்ததும் சிரிப்பும் போயிற்று.

“ஒங்களுக்கு வெசனம் இல்லியா அண்ணே?”

“கடையில நின்னா சிரிக்கணும் மயினி. சிரிக்கல்லன்னா ஒருத்தன் சொல்லுகத நாளக்கி நாலுபேரு சொல்லுவான். அதுமில்லாம அந்தச் சொல்லு எனக்குள்ளது இல்ல. திருநங்கைமாரெ ஏசுகதுக்கு எவனோ உண்டாக்கினது. அவியளுக்கே அது அநியாயம். அவிய பெண்ணு, அப்படித்தான் ஜீவிக்காவ. நான் அப்படியில்ல. எனக்கு மீசயும் வேணும், ஞாயிறாச்ச சாயங்காலம் ஒரு சேலயும் வேணும். வேற ஒருத்தருக்க சட்டயெ எடுத்து எனக்க மேல எறிஞ்சா, அளவு கொள்ளாம கீழ விழுந்துரும்.”

“அப்பம் ஒண்ணுமே படாதா?”

ஜான்ரோஸ் பழக்குலையில் கருத்திருந்த ஒன்றைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டார்.

“‘பாவம்’னு ஒரு சொல்லு உண்டு. எனக்க தங்கச்சி சொல்லுவா. மாப்பிளைக்குச் சோறு வெளம்பும்போ, ‘பாவம், அண்ணன் அப்படி ஆயிட்டாரு’ன்னு. சினேகத்துலதான் சொல்லுகா. ஒம்பதுன்னு கேட்டுட்டு வந்து நல்லா சாப்பிடுவேன். அதெக் கேட்ட அண்ணைக்கு எனக்குச் சோறு எறங்காது. ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொண்ணு. ரசலையண்ணனுக்கு எல்லாமே படும். அவருக்குத் தொலி கட்டியில்ல.”

“நான் சொன்னது ஒங்ககிட்ட சொன்னாவளா?”

“இங்க வந்து, இதே ஸ்டூல்ல இருந்து கண்ணீரு வடிச்சுக் கரைஞ்சாரு.”

ராஜபாய் பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “எனக்க எடத்துல நின்னு பாருங்கோ அண்ணே. அந்த மண்ணும் மரமும் எனக்க உசிரு. ஒரு சத்தம்கூட வைக்காம விட்டுக்குடுத்தா கோவம் வராதா?”

ஜான்ரோஸ் அவளைப் பார்த்தார். “ரெஜினு கேட்டது மயினிக்குத் தெரியாதா?”

“என்ன கேட்டான்?”

“அவனுக்க மாடியிலேருந்து பாத்தா ஒங்க அடுக்கள சன்னலு தெரியுமாம். அண்ணன் சேலயெ உடுத்துட்டு இருந்து தேங்கா திருவுகதெக் கண்டிருக்கான். மொதல்ல அண்ணன் கையாலையெ தொடப்பிடாதுன்னுதான் சொல்லியிருக்காரு. ‘நான் கண்டதெ ஜங்ஷன்ல சொல்லட்டா சித்தப்பா’ன்னு கேட்டானாம். சிரிச்சுக்கிட்டே.” அவர் குரல் தணிந்தது. “மகளுக்குக் கலியாணம் ஆவணும், மயினி கோயிலுக்குப் போணும், ஆபீசுக்குப் போணும்னு நெனச்சிருக்காரு. அந்தச் சொல்லு ஒங்க படி ஏறப்பிடாதுன்னு பிலாவெ விட்டுட்டாரு. பொறவு அது...”

“வீட்டுக்குள்ளேருந்தே வந்துட்டு” என்றாள் ராஜபாய்.

மழை தகரக்கூரையில் அடித்துப் பெய்தது. ஜான்ரோஸ் அவள் கையிலிருந்த பழத்தை வாங்கி, உரித்து, திரும்பக் கொடுத்தார். “தின்னு மயினி. வெறும் வயித்துல பஸ் ஏறாண்டாம்.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ரெஜின் வீட்டு முற்றத்துக்குப் போய்க் குடையை மடக்கினாள். ரெஜினின் மனைவி பிரிஜா பின்வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு அரிவாளோடு எட்டிப் பார்த்தாள். ரெஜின் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெஜினு, நீ மாடியிலேருந்து கண்டது பச்சச்சேலயா, வாடாமல்லியா?”

“எந்தச் சேல சித்தி?”

“சித்தப்பா உடுத்திருந்த சேல. பச்சன்னா அது ஈஸ்டருக்கு எடுத்தது. வாடாமல்லின்னா ஸ்மைலின் அனுப்பினது. எதுவானாலும் கொசுவம் புடிச்சுக் குடுத்தது நானாக்கும். ஜங்ஷன்ல சொல்லுகேன்னு சொன்னியாமே. சொல்லும்போ அதெயும் சேத்துச் சொல்லு.”

ரெஜின் எழுந்தான். போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டான்.

“என்ன காரியம் சித்தி?” என்று பிரிஜா கேட்டாள். ராஜபாய் சொன்னாள். ஒளிக்காமல், சத்தம் போடாமல், அவர் வீட்டில் சேலை உடுத்துவதிலிருந்து பிலாமரம் விழுந்தது வரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, சொல்வதற்கு இவ்வளவு கொஞ்சம்தான் இருக்கிறதா என்று.

பிரிஜா கணவனைப் பார்த்தாள். “சொந்த மனசா தந்தாவன்னு எங்கிட்ட சொன்னிய.”

“ஒரு தமாசுக்குச் சொன்னது பிள்ளே. சித்தப்பா அதெ இப்படி எடுப்பாவன்னு...”

“பயங்காட்டி வாங்கின வழியில நம்ம பிள்ளயெ காருல கொண்டுபோவணுமா? அவிய அவிய வீட்டுக்குள்ள என்னத்த உடுத்தா ஒங்களுக்கென்ன? நீங்க துபாய்லேருந்து வந்த அண்ணைக்கு எனக்க நைட்டியெ உடுத்துக்கிட்டு கெடக்கல்லியா, காத்தோட்டமா இருக்குன்னு?”

ரெஜினின் காது சிவந்துவிட்டது. ராஜபாய்க்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“நீ சொல்லுகதும் சொல்லாததும் ஒனக்க மனசு. எனக்குக் கையாலை வேணும், பழைய எடத்துல. பொறவு ஒண்ணு. அண்ணைக்கு எனக்க வாயிலேருந்து ஒரு சொல்லு வந்துது. நான் சொன்னது தப்பு. கெட்டினவளே சொன்னான்னு இனி எவனாவது ஒனக்கிட்ட சிரிச்சா, அது தப்புன்னும் அவளே சொன்னான்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

குடையை விரிக்க மறந்து, நனைந்துகொண்டே இறங்கினாள்.

ரசலையன் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் சாய்ப்புக் கொட்டகையில் இருந்தார். காலையில் கிடைத்த கொஞ்சம் பாலில் ஆசிட் ஊற்றி, தட்டங்களில் உறையவைத்தது பதமாகியிருந்தது. உறைந்த பாலை மிஷினுக்குள் கொடுக்க ஒருவர், சக்கரத்தைச் சுற்ற ஒருவர் வேண்டும். ராஜபாய் முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே நின்று கொடுக்கத் தொடங்கினாள். வெள்ளைப்பாளம் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, தண்ணீர் கக்கி, அகலமாக மறுபக்கம் இறங்கியது.

“ஜான்ரோஸ் அண்ணனெப் பாக்கப் போனேன். பொறவு ரெஜினு வீட்டுக்கு” என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

சக்கரம் நின்றது.

“எதுக்குப் போய்ச் சொன்னே?”

“இனி அவன் எதெ வச்சுப் பயங்காட்டுவான்? நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல்ல?”

“சொல்லத்தான் உள்ள வான்னு கூப்பிட்டேன்.”

ராஜபாயின் கையில் இருந்த பாளம் வழுக்கிக்கொண்டே இருந்தது.

ரசலையன் மெதுவாகப் பேசினார். “ஊருல சொல்லும்போ, அவனுவளுக்கு என்னெத் தெரியாதுன்னு வச்சுக்கிடுவேன். இருட்டுல எறியுக கல்லு. நோவும், ஆனா என்னெக் கண்டு எறிஞ்சது இல்ல. நீ வெளிச்சத்துல நின்னு எறிஞ்சே பிள்ளே. என்னெ முழுசாக் கண்ட ஆளு.”

“ஆமா.”

“பெண்ணுன்னு சொன்னா எனக்கு நோவாது. நீ அக்கான்னு கூப்பிடுகது எனக்கு எப்பவும் இனிப்புதான். பொட்டன்னு சொன்னப்போ, பெண்ணுக்க துணி உடுத்தா அது தாந்துபோற காரியம்னு நீயும் நெனைக்கியோன்னு தோணிச்சு. அப்பம் இத்தன வருஷம் நீ கூட இருந்தது இரக்கத்துலயான்னு... அதான் மடக்கி வச்சேன். வாசியோ வீம்போ புடிச்சு இல்ல. உடுத்த மனசு வரல்ல.”

வெளியே மழை ரப்பர் இலைகளில் இரைந்துகொண்டிருந்தது. ராஜபாய் தட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பொறந்தப்போ பொட்டப்பிள்ளன்னு எனக்க அப்பன் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வரல்லியாம். அம்மை சாவுகது வரைக்கும் அதெச் சொல்லிக் கரைவா. பொறவு அதே அப்பன்தான் மண்ணு தந்தான், அது வேற. ஆபீசுல மேஸ்திரி எங்கள பேரு சொல்லிக் கூப்பிடமாட்டான், ‘பொட்டையளா’ன்னுதான் கூப்பிடுவான். அந்தச் சொல்லு முழுக்க எனக்க மேல விழுந்தது. அதெ எடுத்து ஒங்கமேல எறிஞ்சிருக்கேன். என்னெயே நான் ஏசுகேன்னு அப்பம் தெரியல்ல. இரக்கமெல்லாம் இல்ல. இரக்கத்துல யாராவது தெனமும் கூட இருந்து சிரிப்பாவளா? சாயங்காலம் ஆனா அடுக்களையில எனக்கு மூச்சு முட்டுகு. எனக்குப் பேச ஆளில்ல.”

ரசலையன் சக்கரத்தைச் சுற்றி வந்தார். ஆசிட் வாடை அடிக்கும் கையின் பின்புறத்தால் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈரமுடியை ஒதுக்கினார்.

“நனஞ்சுபோயிருக்கே. போய் மாத்து.”

“இதெ முடிச்சுட்டு.”

“பாலு கல்லாப்போவும், கொடு” என்று மறுபடி சுற்றத் தொடங்கினார்.

“இனி உடுப்பியளா?” என்று ஷீட்டுகளைக் கொடியில் தொங்கவிடும்போது கேட்டாள்.

“தெரியல்ல ராஜம். பைய வரட்டும்.”

மழை விட்ட வாரத்தில் கையாலை எழும்பியது. ரெஜினும் கூலியாளும் சேர்ந்து கல் தூக்கினார்கள். ரசலையன் போய்க் கல்லுக்குக் கல் வாய்பார்த்து அடுக்கச் சொல்லிக் கொடுத்தார். ரெஜின் அவர் முகத்தைப் பார்க்காமல் “சரி சித்தப்பா, சரி சித்தப்பா” என்றான். பிலாமரம் போனது போனதுதான். ஊருக்குத் தெரிந்ததா என்றால், கொஞ்சம் தெரிந்தது. யார் வழியாக என்று அவர்கள் விசாரிக்கவில்லை. சாயாக்கடையில் சிலநாள் சிரிப்புக் கூடியது, பிறகு சபைத் தேர்தல் வந்து அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டது. அன்னக்கிளி மட்டும் ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது, “எட்டி, ஒனக்க மாப்பிள பின்னு குத்தாம உடுத்துவாராமே, எப்படின்னு கேட்டுச் சொல்லு. எனக்கு நிக்கமாட்டேங்கு” என்றாள். கிண்டலா என்று ராஜபாய் அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை.

அடுக்களையில் ரசலையன் திரும்ப வந்து உட்கார்ந்தார், கைலியோடுதான். தேங்காய் திருவினார். கொஞ்சம் பேசினார்.

ஆடி மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவராகவே, “களியக்காவிளை வரைக்கும் போய்ட்டு வருவமா? சேலக்கடையில தள்ளுபடி போட்டிருக்கான்” என்றார். இதுவரைக்கும் அவருக்கான சேலைகளை ராஜபாய்தான் தனியாகப் போய், தனக்கு என்று சொல்லி எடுத்து வருவாள். அவர் கடைக்கு உள்ளே வந்ததே கிடையாது.

கடையில் கூட்டம். கவுண்டரில் நின்ற பெண்ணின் சட்டையில் நந்தனா என்று பேர் குத்தியிருந்தது. பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. காட்டன் கேட்டதும் ஒரு அடுக்கை இறக்கி விரித்தாள். ரசலையன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய குங்குமக்கரை போட்ட ஒன்றில் அவர் விரல் நின்றுவிட்டது. நந்தனா அதை உதறி எடுத்து ராஜபாயின் தோளில் போடப் போனாள்.

“அம்மைக்குத்தானே? நல்லா சேரும்.”

ராஜபாயால் சொல்ல முடியும், ரெஜினிடம் சொன்னதுபோல. ஆனால் இது அவர் சொல்ல வேண்டியது.

“எனக்கு மக்ளே” என்றார் ரசலையன். “எனக்கு உடுத்துகதுக்கு.”

நந்தனா சிரித்தாள், தமாஷ் என்று நினைத்து. அவர் சிரிக்காததைக் கண்டு அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அவரைப் பார்த்தாள், ராஜபாயைப் பார்த்தாள். அடுத்த கவுண்டரில் நின்ற பையன் யாருக்கோ பில் எழுதிக்கொண்டிருந்தான். சேலை அவள் இரண்டு கைகளுக்கும் நடுவே விரிந்தபடி நின்றது.

பிறகு அந்தப் பெண் கவுண்டருக்கு மேலாக எட்டி, சேலையின் தலைப்பை ரசலையனின் சட்டைத் தோளில் போட்டு, மடிப்பை நேராக்கிவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தாள். கண்ணாடியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“நெறம் கொள்ளாம், நல்லா இருக்கு” என்றாள். “ஃபால்ஸ் அடிச்சுத் தரணுமா அங்கிள்?”

ரசலையன் கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்காமல் தலைப்பின் கரையை விரலால் நீவினார்.

“அடிச்சுத் தா மக்ளே. நூலு இதே நெறத்துல போடச் சொல்லு.”